பிக்கப்புக்கு வேறு மாடல் பின் ஆக்சில்: போல்ட் ஏறினால் போதுமா?

பிக்கப்பின் பின் ஆக்சில் போய்விட்டால் புதிது வாங்குவது கையைக் கடிக்கும். அதனால் காயலான் கடையில் வேறு மாடல் வண்டியிலிருந்து கழற்றிய ஆக்சிலை ஹவுசிங்கோடு, அதாவது வெளிக்கூட்டோடு வாங்கி மாட்டுவது, நம் ராமநாதபுரம் கரையில் தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரை சாதாரணமாக நடக்கிற வேலை. கம்பெனி ஒன்று, பெயரும் ஒன்று, மாடல் மட்டும் வேறு. "அண்ணே, அப்படியே உக்காந்துரும்" என்பார் கடைக்காரர். பல நேரம் உட்காரவும் செய்யும். சிக்கலே அங்கேதான். உட்காராத ஆக்சிலை யாரும் மாட்டுவதில்லை. உட்கார்ந்துவிட்டதே என்று வேறு எதையும் அளக்காமல் மாட்டிய ஆக்சில்தான் பாரத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது தன் குணத்தைக் காட்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மாடல் வரை சக்கரத்துக்கு 5 போல்ட், போல்ட் வட்டத்தின் குறுக்களவு 139.7 மில்லிமீட்டர். 1997-ல் அதே 5 போல்ட், ஆனால் வட்டம் 135 மில்லிமீட்டர். 2004-ல் வந்த தலைமுறையில் வட்டம் 135-தான், போல்ட் 6 ஆகிவிட்டது. ஒரே பெயரில் மூன்று தலைமுறை, ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் ஏறாது. போல்ட் விஷயமாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவைதான் அதிகம்.

பெயிண்டைப் பார்த்து வாங்குவது

நம் கரையில் நடக்கும் முதல் தவறு இது. இங்கே இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடி 'சிக்ரி' மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. போதாததற்கு மீன் வண்டிகளில் ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகப் பலகை இடுக்கு வழியே சொட்டுவது நேராகப் பின் ஆக்சில் மேல்தான். கடையில் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங் உட்காரும் மேடைக்கு அடியிலும், குழாயின் வெல்டிங் ஓரத்திலும், பிரேக் பைப் பிடித்திருக்கும் சின்ன பிராக்கெட் அடியிலும் சுரண்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும்.

அடுத்து, ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரை, அதாவது காற்றுத் துளையைப் பாருங்கள். ஓடிச் சூடான ஆக்சிலோடு வண்டியை அலை ஓரத்தில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் வழியாகக் காற்று வர முடியாவிட்டால், சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிக் குடித்த ஆக்சிலில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். கடைக்காரர் ஆயிலை வடித்துவிட்டிருந்தால் பின் மூடியைக் கழற்றச் சொல்லிப் பல்லையும் பேரிங்கையும் பாருங்கள். மூடி இல்லாத ஹவுசிங் என்றால் ஒரு பக்க ஷாஃப்டை உருவிப் பாருங்கள். துருப்புள்ளி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மாட்டுகிற நாளில் பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போட்டு சேசிஸ் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான், மணலில் இறங்கும் வண்டிக்கு இது கட்டாயம்.

பல் எண்ணாமல் மாட்டுவது

ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றவைக்கும் சின்னது பினியன். பழைய ஆக்சிலில் கிரவுன் 41 பல், பினியன் 10 பல் என்று வையுங்கள். விகிதம் 4.1. வாங்கி வந்ததில் கிரவுன் அதே 41, பினியன் 8. விகிதம் 5.125. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஓட்டினால், அதே வேகத்துக்கு இன்ஜின் கால் பங்கு அதிகம் சுற்றும். முன்பு 2000 சுற்றில் ஓடிய இடத்தில் இப்போது 2500. மணலில் நன்றாக இழுக்கும், உண்மைதான். ஆனால் மதுரை ரோட்டில் ஏறியதும் டீசல் தெரியாமல் போகும், இன்ஜினும் அலறும். தலைகீழாக, 5.125 இருந்த வண்டியில் 4.1 மாட்டினால் பாரத்தோடு மணலில் இருந்து எடுக்கும்போது கிளட்ச் கருகும்.

வேகமானியும் பொய் சொல்லும். சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டியில் 4.1-க்குப் பதில் 5.125 போட்டால், நிஜத்தில் 60-ல் போகும்போது முள் 75 காட்டும். மாற்றி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். முள் 60-ல் நிற்கும், வண்டி 75-ல் போய்க்கொண்டிருக்கும்.

கடையிலேயே விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம், திறக்க வேண்டாம். ஒரு பக்க டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள். பினியன் முனையில் வெளியே தெரியும் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 41 சுற்று வந்தால் 4.1. 51-ஐத் தாண்டிக் கால் சுற்று வந்தால் 5.125.

விகிதம் ஒத்துவராதபோது "பழைய கிரவுனை மட்டும் எடுத்து இதில் போட்டுக்கலாம்" என்று ஒரு யோசனை வரும். வேண்டவே வேண்டாம். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதுவும் ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு, பேரிங் இறுக்கம் பார்த்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து, பல்லில் வண்ணம் தடவி எங்கே படுகிறது என்று பார்த்துச் செய்யும் வேலை. கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சில் விகிதமும் பின் ஆக்சில் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

பிரேக்கைக் கடைசியில் யோசிப்பது

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஆக்சிலோடு டிரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் சேர்ந்தே வருவதால் "பிரேக்கும் சேர்ந்து வந்துருச்சு" என்று சந்தோஷமாக ஏர் எடுத்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பழைய வீல் சிலிண்டர் 19.05 மில்லிமீட்டர், புதிதாக வந்தது 22.22 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அழுத்தம் வேலை செய்வது பரப்பளவில். கணக்குப் போட்டால் அதே மிதிக்குப் பின் ஷூவைத் தள்ளும் விசை 36 சதவீதம் கூடுகிறது. பாரம் இருக்கும்போது இது தெரியாது, நன்றாகப் பிடிப்பதாகக்கூடத் தோன்றும். மீனை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது, காற்று மணலை வாரிப் போட்ட தனுஷ்கோடி ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டிய பிக்கப் வாலைச் சுழற்றிவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இருக்காது.

இதைத் தடுக்கத்தான் பல பிக்கப்புகளில் லோடு சென்சிங் வால்வு இருக்கிறது. சேசிஸில் வால்வு, அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ வந்து ஆக்சிலில் பிடித்திருக்கும். பாரம் ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், காலி என்றால் குறைவு. வேறு மாடல் ஆக்சிலில் அந்தக் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் வேறு இடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. உடனே கட்டுக்கம்பியால் எங்கேயாவது கட்டிவிடுவது நடக்கிறது. அப்படிக் கட்டினால் அந்த வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். பிராக்கெட்டைப் பழைய ஆக்சிலில் இருந்த அதே இடத்துக்கு அளந்து வைத்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். வீல் சிலிண்டரும் பழைய அளவிலேயே கிடைக்கிறதா பாருங்கள்.

பிரேக் பைப் மரை இன்னொரு தொல்லை. பழைய மாடலில் இஞ்ச் மரையும் புதியதில் மில்லிமீட்டர் மரையும் இருக்கலாம். கையால் பாதிவரை ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். அன்று கசியாது, அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கிற அன்று கசியும். ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு உள்ள வண்டிக்கு, பல் வளையமும் சென்சார் இடமும் ஒத்துப்போகாத ஆக்சில் வேண்டாம். எச்சரிக்கை விளக்கை மறைத்து ஓட்டுவது தீர்வே அல்ல.

பட்டையும் கோணமும்

இரண்டு பட்டை மேடைகளுக்கும் இடையே உள்ள தூரம், பட்டையின் அகலம், சென்டர் போல்ட் தலை உட்காரும் ஓட்டை மூன்றையும் அளந்துவிட்டே பணம் கொடுங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்ந்தே ஓடும், டயரும் தேயும். மாட்டி முடித்ததும் முன் ஹப்பில் இருந்து பின் ஹப் வரை இரு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். ஆக்சிலைப் பட்டையோடு சேர்த்து இறுக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம், நம் ஊர் உப்பில் ஊறியதை நிச்சயமாக வேண்டாம்.

மேடையை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால், பினியன் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கியர்பாக்ஸில் இருந்து பினியனுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டாக இருந்தால், முன் துண்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். ஜாயிண்டின் கோணம் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பாரத்தோடு எடுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால், நிற்கும்போது ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். வண்டி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. போனில் உள்ள கோணமானியே இதற்குப் போதும். வெல்டிங்கை ஒரே இழுப்பாக வைத்தால் குழாய் வளையும். தொட்டுத் தொட்டு வைத்து ஆறவிடுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் பக்கத்திலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

அப்புறம் ஆயில். கிரவுன் பல்லுக்கு ஜிஎல்-5 தரம் வேண்டும், கியர்பாக்ஸுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றாதீர்கள்.

பெரிய ஆக்சில் போட்டால் அதிகப் பாரம் ஏற்றலாம் என்ற நம்பிக்கையும் தவறு. சேசிஸ், முன் பிரேக், பட்டை எல்லாம் பழையதுதான். ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், எஃப்.சி.க்கு வண்டியை நிறுத்தும் நாளில் அல்ல.

மாட்டியதும் முதல் நாளே ஐஸ் பெட்டி ஏற்றாதீர்கள். காலி வண்டியாக ஓட்டி, மணல் இல்லாத நேர் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து பிரேக்கை அழுத்தி எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பாருங்கள். பின் சக்கரம் என்றால் வண்டி திரும்பவும் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். சரியாக இருந்தால் பாதிப் பாரத்தில் ஒரு நடை ஓட்டி வந்து, ஹவுசிங்கைக் கையால் தொட்டுச் சூடு பார்த்து, யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். பழைய ஆக்சிலை ஒரு மாதமாவது விற்காமல் வையுங்கள்; ஹேண்ட் பிரேக் கேபிள் முனையோ பைப் பிராக்கெட்டோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டி வரும்.