ரீகால் மனு: கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன்

2022-ல் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (மாவட்டத்தின்) அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோனைப் பதவியிலிருந்து இறக்க 7,15,833 கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தேவைப்பட்டது 5,66,857. ஒன்றரை லட்சம் கூடுதலாக இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். சரிபார்த்தபோது செல்லுபடியானவை 5,20,050 மட்டுமே. வாக்குப்பதிவு வரை போகாமலே அந்த முயற்சி முடிந்துபோனது.

கலிஃபோர்னியாவின் ஒரு சிறிய நகரத்தில், நகர சபை உறுப்பினர் ஒருவரைத் திரும்ப அழைக்கும் மனுவுக்காக வார இறுதிகளில் மேசை போட்டு நின்றவன் நான். குடியுரிமை வாங்கி, முதல் முறையாக உள்ளூர் அரசியலில் இறங்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதவியில் இருப்பவரை இடையிலேயே வாக்களித்து இறக்கும் இந்த ரீகால் உரிமை 1903-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலும் 1911-ல் மாநிலம் முழுவதிலும் வந்தது. கோபம் மட்டும் இருந்தால் இதை வெல்ல முடியாது. தாள் சரியாக இருக்க வேண்டும்.

படி 1: நாட்காட்டியைப் பாருங்கள்

பதவிக்காலத்தின் முதல் 90 நாட்களில் ரீகால் தொடங்க முடியாது. பதவிக்காலம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலும் முடியாது. இவை மாநிலச் சட்டத்தின் விதிகள். சான் பிரான்சிஸ்கோ போலத் தனிச் சாசனம் (நகரத்தின் சொந்த அடிப்படைச் சட்டம்) வைத்திருக்கும் நகரங்களில் விதிகள் மாறும். அதனால் முதல் வேலையாக, நகரத் தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் நகரக் கிளார்க்கைப் போய்ப் பாருங்கள்.

தொடக்கத்திலிருந்து வாக்குப்பதிவு வரை ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். அடுத்த தேர்தல் அதற்குள் வருகிறதென்றால், என் கருத்தில், அந்த உழைப்பை நல்ல வேட்பாளர் ஒருவருக்குக் கொடுப்பதே மேல்.

இன்னொன்றையும் இப்போதே யோசியுங்கள். 2023 முதல் மாநில விதியின்படி நடக்கும் உள்ளூர் ரீகால் வாக்குச்சீட்டில் மாற்று வேட்பாளர் பெயர்கள் கிடையாது. பதவி காலியானால் பெரும்பாலான நகரங்களில் மீதி உறுப்பினர்களே ஒருவரை நியமிக்கலாம், அல்லது சிறப்புத் தேர்தல் வைக்கலாம். அந்த மீதிப் பேர் யார், எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: அறிவிப்பு

மனுவை முன்மொழிபவர்கள் கையெழுத்திட்ட நோட்டீஸை அந்த உறுப்பினரிடம் நேரிலோ சான்றளிக்கப்பட்ட தபாலிலோ (certified mail) சேர்க்க வேண்டும். எத்தனை முன்மொழிபவர்கள் தேவை என்பதைக் கிளார்க்கிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை 200 ஆங்கிலச் சொற்களுக்குள் சொல்ல வேண்டும். அவர் ஏழு நாட்களுக்குள் அதே அளவில் பதில் தரலாம். நோட்டீஸ் செய்தித்தாளிலும் வெளியாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் உங்கள் காரணம் போதுமானதா என்று எந்த நீதிபதியும் எடைபோடுவதில்லை, அது வாக்காளர்களின் வேலை. அதற்காக வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள். எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று எழுதுங்கள். கூட்டக் குறிப்புகளில் இருப்பதை மட்டும் சொன்னால் வாசலில் நிற்கும் தொண்டருக்கும் தெம்பாக இருக்கும்.

மனுப் படிவம் சரி என்று கிளார்க் எழுத்தில் சொல்லும்வரை ஒரு கையெழுத்துகூட வாங்கக் கூடாது.

படி 3: கணக்கு

பதிவான வாக்காளர்கள் 1,000-க்குக் கீழ் என்றால் 30 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். 10,000-க்குக் கீழ் 25, 50,000-க்குக் கீழ் 20, ஒரு லட்சத்துக்குக் கீழ் 15, அதற்கு மேல் 10 சதவீதம். கால அவகாசமும் ஊரின் அளவைப் பொறுத்து 40 நாளிலிருந்து 160 நாள் வரை.

40,000 வாக்காளர்கள் உள்ள நகரத்தை எடுத்துக்கொள்வோம். தேவை 8,000, அவகாசம் 120 நாள். காஸ்கோன் மனுவில் நூற்றுக்கு 73 கூடச் செல்லவில்லை. அதே விகிதம் என்றால் நீங்கள் 11,000-க்கும் சற்று மேல் வாங்க வேண்டும். 11,500 என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 96. கடை வாசலில் மணிக்குப் பத்து கிடைத்தாலே நல்ல நாள். அப்படியானால் மழை வெயில் பாராமல் தினமும் பத்து மணி நேரத் தொண்டு. இதற்கு ஆள் இருக்கிறதா என்பதைத் தொடங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் வார்டு வாரியாகத் தேர்வானவர் என்றால் அந்த வார்டு வாக்காளர்கள் மட்டுமே கையெழுத்திடலாம்.

படி 4: மேசையில் நிற்கும்போது

முழு மனதையும் இங்கே வையுங்கள். காஸ்கோன் மனுவில் தள்ளுபடியானவற்றில் 88,464 பேர் வாக்காளராகவே பதியாதவர்கள். 43,593 ஒரே ஆள் மறுபடி போட்டவை. 32,187 முகவரி மாறியவை. கையெழுத்து ஒத்துப்போகாதவை 9,490. இவற்றில் பெரும்பகுதியை மேசையிலேயே தடுத்திருக்கலாம்.

பேனாவை நீட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஊரில் வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா? வீடு மாறியிருந்தால் பதிவையும் மாற்றினீர்களா? இந்த மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டீர்களா? சந்தேகம் என்றால் மாநில இணையதளத்தில் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். தபால் எல்லை வேறு, நகர எல்லை வேறு. எங்கள் மேசைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தெருவுக்கு எதிர்ப்புறம் வேறு நகரம் என்று தெரியாமலே பல வருடம் குடியிருந்தவர்கள்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. கையெழுத்து, பதிவில் இருப்பதோடு ஒத்துப்பார்க்கப்படும். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது பதிந்தவர்களுக்கு அங்கே இயந்திரத்தில் போட்ட கையெழுத்துதான் பதிவில் இருக்கும். அங்கே தமிழில் போட்டிருந்தால் மனுவிலும் தமிழிலேயே போடுங்கள். பெயரையும் முகவரியையும் அவரவரே எழுத வேண்டும். கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. அஞ்சல் பெட்டி எண் முகவரி ஆகாது.

கிரீன் கார்டு, ஹெச்1பி வைத்திருப்பவர்கள் வாக்காளர் அல்லர், அவர்கள் கையெழுத்திட முடியாது. கையெழுத்து வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும். பணம் கொடுப்பதில் கிரீன் கார்டுக்காரர்களுக்குத் தடையில்லை, விசாவில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது.

தாளைக் கோயில் வாசலிலோ மளிகைக் கடை மேசையிலோ வைத்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு கையெழுத்தும் தன் கண்முன் போடப்பட்டது என்று வாங்கியவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் பெயரையும் மேடையையும் இதில் இழுக்காதீர்கள். சங்கம் எல்லோருக்கும் பொது.

படி 5: பணம்

2,000 டாலர் திரட்டியதும் பிரசாரக் குழுவாகப் பத்து நாட்களுக்குள் பதிய வேண்டும். ரொக்கமாக ஒருவரிடம் 100 டாலரோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரை முதல் நாளே பொருளாளராகப் போடுங்கள்.

படி 6: கொடுக்கும் நாள்

கவுண்டியில் வாக்காளர் பட்டியலை வாங்கி, வாரந்தோறும் தாள்களை ஒத்துப்பாருங்கள். பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். ஏனென்றால் எல்லாத் தாளையும் ஒரே நாளில் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு கூடுதல் தாள் சேர்க்க முடியாது. குறைந்தால் முதலிலிருந்து புது மனுதான். எங்கே தவறியது என்று பார்க்க 21 நாட்களுக்குள் கேட்டால் காட்டுவார்கள்.

சரிபார்ப்புக்கு 30 வேலை நாட்கள். 500-க்கு மேல் கையெழுத்து இருந்தால் எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுத்தும் பார்க்கலாம். அதில் ஒரே ஆளின் இரட்டைக் கையெழுத்து சிக்கினால் மொத்தக் கணக்கில் அடி பெரிதாக விழும்.

தேறிவிட்டால், அந்தச் சான்று சபைக் கூட்டத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் சபை தேர்தலுக்கு உத்தரவிட வேண்டும். அதிலிருந்து 88 முதல் 125 நாட்களுக்குள் வாக்குப்பதிவு, வழக்கமான தேர்தலோடு சேர்த்தால் 180 நாள் வரை. அப்புறம் நீங்கள் மேசையைக் கடை வாசலிலிருந்து எடுத்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டப் போகலாம். வாக்குச்சீட்டில் இருக்கப்போவது ஒரே கேள்வி. பாதிக்கு மேல் ‘ஆம்’ விழ வேண்டும்.