தொட்டியில் கலேடியம்: கிழங்கை அடுத்த பருவத்துக்குக் காப்பாற்றுவது எப்படி

முதல் முறை கலேடியம் வளர்த்தபோது, பருவம் முடிந்து இலைகளெல்லாம் மஞ்சளாகிச் சரிந்ததும் செடி செத்துவிட்டது என்றே நினைத்தேன். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினால் மண்ணுக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கிழங்கு உருண்டு வந்தது. அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கலேடியத்தில் எனக்கு இலையைவிடக் கிழங்கின் மேல்தான் அக்கறை.

இது சிவப்பும் வெள்ளையும் கலந்த இலைகளுக்காக வளர்க்கும் சேம்புக் குடும்பத்துச் செடி. பூர்வீகம் தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகள். அதனால் சூடு வேண்டும். மண் 21 டிகிரி செல்சியஸாவது இருந்தால்தான் நடுவேன். குளிர்ந்த ஈர மண்ணில் வைத்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

20 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஒரு பெரிய கிழங்கு, 30 சென்டிமீட்டர் தொட்டிக்கு மூன்று. அடியில் துளை கட்டாயம் வேண்டும். தேங்காய் நார்த்தூள், மட்கிய உரம், கொஞ்சம் பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் குருணை) சேர்த்த கலவை எனக்குச் சரியாக வருகிறது. கிழங்கின் மேல் சுமார் 5 சென்டிமீட்டர் மண் இருக்கட்டும். மேடு பள்ளமாக, கண்கள், அதாவது முளை வரும் இடங்கள், தெரியும் பக்கம்தான் மேல்பக்கம். வேரும் அங்கிருந்துதான் கிளம்பும். தலைகீழாக வைத்தாலும் முளைக்கும், ஆனால் தாமதமாகும். நடுவில் இருக்கும் பெரிய கண்ணை மட்டும் கத்தி முனையால் நோண்டி எடுத்துவிட்டால் சுற்றியுள்ள சின்னக் கண்கள் விழித்துக்கொள்ளும். இலை அளவில் சற்றுச் சிறுக்கும், ஆனால் தொட்டி நிறைய வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும். குழந்தைகளோ நாய், பூனையோ கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், எட்டாத இடத்தில் வையுங்கள்.

இலை விரியும்வரை தண்ணீர் அளவாகப் போதும். விரிந்தபின் மண் காயவிடக் கூடாது, காய்ந்தால் ஓரம் கருகும். காலை வெயில், அப்புறம் நிழல் என்பது நல்ல இடம். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் சிவப்பும் வெள்ளையும் மங்கிப் பச்சை ஏறிவிடும். பூ வந்தால் கிள்ளிவிடுவேன், அந்தச் சத்து கிழங்குக்குப் போகட்டும்.

இனி உறக்கக் காலம். பகல் குறுகி, இரவு வெப்பம் 15 டிகிரியை நெருங்கினால் இலைகள் தானாகவே சோரும். அப்போது தண்ணீரைப் படிப்படியாக நிறுத்துங்கள். பச்சை இலையை வெட்டாதீர்கள், அதில் இருப்பது கிழங்குக்கு இறங்க வேண்டும். கடைசி இலை விழுவதற்கு முன்பே ரகத்தின் பெயரைத் தொட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள். வெள்ளை ரகமும் சிவப்பு ரகமும் கிழங்காகிவிட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.

தோண்டியதும் கழுவ மாட்டேன். மண்ணை உதறி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் பரப்பி வைப்பேன். காய்ந்த தண்டும் வேரும் கையோடு வந்துவிடும். வெட்டுக்காயமோ மென்மையான இடமோ தெரிந்தால் அந்தக் கிழங்கைத் தனியாக ஒதுக்குவேன்.

ஒரு வருடம் அவசரத்தில், சரியாகக் காயாத பதினொரு கிழங்குகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் கூழாகி நாறியது. மனசு ரொம்ப வலித்தது. அதிலிருந்து அட்டைப்பெட்டிதான், பக்கவாட்டில் துளை போட்டு. உலர்ந்த நார்த்தூளை அடியில் பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் கிழங்குகளை அடுக்கி, மேலேயும் தூவுவேன்.

பெட்டி இருக்கும் இடம் 18 முதல் 21 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. குளிர்சாதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். சில்லென்ற தரையிலும் வைக்காதீர்கள், அலமாரியின் மேல்தட்டு நல்லது. தோண்ட முடியாதவர்கள் தொட்டியோடு காயவைத்து உள்ளே வைக்கலாம், அதுவும் பிழைக்கும். ஆனால் மண்ணுக்குள் அழுகுவது தெரியாது என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை.

மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. மெத்தென்று அமுங்குவதையும், சுண்ணாம்பு மாதிரி உதிர்வதையும் உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

வெயில் திரும்பி இரவும் கதகதப்பானதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில கிழங்குகளில் இளஞ்சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். அவற்றை முதலில் நடுங்கள். மற்றவை முளைக்க ஆறு வாரம்கூட ஆகலாம், அதுவரை மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்.