பவர் வீடர் இன்ஜின் நீண்ட நாள் உழைக்கோணும்னா

நம்ம பக்கம் மஞ்சக்காட்டுக்கும் வாழைக்கும் களையெடுக்க ஆள் கிடைக்கறதே குதிரைக்கொம்பா போச்சுங்க, அதனால பவர் வீடர் வாங்காத தோட்டம் கம்மி. ஆனா வாங்குனதுக்கப்புறம் கவனிக்காம விட்டு, வெள்ளைப்புகை தள்ளுது, கயிறு இழுத்தா கம்ப்ரஷனே (பிஸ்டன் உள்ள காத்தை அமுக்கற புடிப்பு) இல்லைனு ஒர்க்‌ஷாப்புக்கு தூக்கிட்டு போறாங்க. பெரும்பாலும் மண்ணு உள்ள போயி பிஸ்டன் ரிங்கை தேச்சிருக்கும். 7 எச்பி பெட்ரோல் 4 ஸ்ட்ரோக் இன்ஜின் வெச்சிருக்கறவங்களுக்கு இதை எழுதறேன்.

முதல்ல ஏர் ஃபில்டர். ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் செம்மண்ணை வாரி அடிக்கும், அந்த நேரத்துல மிஷினோட வர்ற புக்ல 50 மணி நேரம்னு போட்டிருக்குன்னு காத்துட்டு இருக்காதீங்க, ஓட்டுற நாளெல்லாம் மூடியக் கழட்டி பாத்தரோணும். ஃபில்டர்ல இருக்கற ஸ்பாஞ்சை சோப்புத்தண்ணில அலசி, முறுக்காம அமுக்கி புழிஞ்சு, நிழல்ல நல்லா காயவெச்சு, கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு பிசைஞ்சு அதிகமா இருக்கறதை புழிஞ்சிட்டு மாட்டுங்க. பேப்பர் ஃபில்டரை மட்டும் தண்ணில நனைக்கவே கூடாது, மெதுவா தட்டுனா போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல முழு ஃபோர்ஸா காத்து அடிச்சா பேப்பர் கிழிஞ்சுரும். உள்ள டார்ச் அடிச்சு பாருங்க, எங்கியாச்சும் பொத்தல்ல வெளிச்சம் வந்தா புதுசு போட்டுருங்க. அப்படியே கார்புரேட்டருக்கு போற வாய்ல விரலை விட்டு ஒரு தடவு தடவுங்க. விரல்ல செவப்பா மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா ஃபில்டர் சரியா உக்காரல, மண்ணு உள்ள போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து ஆயில். இந்த சின்ன இன்ஜின்ல பெரும்பாலும் ஆயில் ஃபில்டரே கெடையாது, அடில இருக்கற ஆயிலை வாரி வாரி எறைச்சுத்தான் ஓடும், அழுக்கெல்லாம் அதுலயேதான் சுத்தும். அளவும் 600 மில்லி போலத்தான் புடிக்கும், அதுல 100 மில்லி கொறைஞ்சாலே ஆபத்துங்க. காத்தால கயிறு இழுக்கறதுக்கு முன்னாடி மிஷினை சமதளத்துல நிறுத்தி ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்கை தொடைச்சுட்டு அளவு பாத்துருங்க. புது மிஷினுக்கு முதல் 20 மணி நேரத்துல மாத்தோணும், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருக்கா, புழுதிக்காடா இருந்தா அதுக்கும் முன்னாலயே. இன்ஜின் வெதுவெதுன்னு இருக்கறப்ப வடிச்சாத்தான் கசடும் சேர்ந்து வரும். கிரேடு புக்ல பாத்து வாங்குங்க, 10 டபிள்யூ 30னுதான் நெறைய மிஷினுக்கு போட்டிருக்கும். கியர் பாக்ஸ் ஆயில் தனி, அதை மறந்துராதீங்க.

புல் வெட்டற 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும் வெச்சிருக்கறவங்க அதுக்கு ஊத்தற 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோல் கேனை தனியா பேர் எழுதி வெய்யுங்க. வீடருக்கு சும்மா பெட்ரோல் மட்டுந்தான்.

ஸ்பார்க் பிளக்கை அப்பப்ப கழட்டிப் பாருங்க. வெளிறுன காப்பிக்கலர்ல இருந்தா நல்லா எரியுது, காஞ்ச கரியா இருந்தா ஃபில்டர் அடைச்சிருக்கலாம். பிளக் முனைல பொறி தாவற இடைவெளி 0.7ல இருந்து 0.8 எம்எம் இருக்கோணும். திரும்ப மாட்டறப்ப கையாலயே திருகி உக்காரவெச்சுட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்க, ஹெட் அலுமினியம், மரை போச்சுன்னா செலவு. பிளேடுல சுத்துன கொடி, கயிறெல்லாம் எடுக்கறப்பவும் பிளக் கேபிளை கழட்டிட்டுத்தான் கை வெக்கோணும், இது கட்டாயம்ங்க.

சிலிண்டரை சுத்தி சூட்டை வெளிய விடறதுக்கு இருக்கற தகடுகள்ல (ஃபின்) புல்லும் மண்ணும் அடைச்சா சூடு ஏறிக்கும். ஆறுனதுக்கப்புறம் பிரஷ்ல தட்டி விடுங்க.

களை சீசன் முடிஞ்சு மாசக்கணக்குல நிறுத்தப்போறீங்கன்னா டேங்க்ல பெட்ரோல் விட்டு வெக்காதீங்க. இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை (ஜெட்) அடைச்சுக்கும். டேங்கை வடிச்சு, மிச்சத்துல தானா நிக்கற வரைக்கும் ஓடவிட்டு, கார்புரேட்டர் அடில இருக்கற ஸ்குரூவை தளர்த்தி சொட்டையும் வடிச்சுருங்க. கடைசியா கயிறை மெதுவா இழுத்து டைட்டா புடிக்கற எடத்துல விட்டுருங்க, ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காத்து உள்ள போகாது. மேல தார்ப்பாய் சுத்தாதீங்க, வேர்த்து துரு புடிக்கும், சணல் சாக்கு போதும்.