ஏலமலையில் கிறிஸ்துமஸ் பீர்: சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமெல்லாம் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து சேர்வார்கள். அவர்களின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு குட்டி பாட்டில்கள் இருக்கும். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் என்று எதையாவது சேர்த்துக் காய்ச்சிய, குளிர்காலத்துக்கென்றே தயாரிக்கிற கெட்டியான பீர். அப்படி வருகிற பாட்டிலை வாங்கி நேராக ஃப்ரீஸரில் சொருகி, பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்து, ஊறுகாயோடு ரெண்டே மடக்கில் காலி செய்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கும். ஏலக்காயைப் பிளந்து மோந்து பார்த்தே தரம் சொல்லக்கூடிய ஆட்கள் உள்ள ஊர் இது. இந்தப் பீரை முழுசாகப் புரிந்துகொள்ளும் மூக்கு வேறு யாரையும்விட நம்மிடம்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

குடிப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறு நின்றுவிடும். நார்வேயின் பழைய குலாதிங் சட்டம், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் பீர் காய்ச்சியே ஆகவேண்டும் என்று கட்டளை போட்டிருந்தது. இங்கிலாந்தில் ஜாதிக்காய் துருவிப் போட்டுச் சூடாக்கிய ‘ஏல்’ (ale) என்ற பீர் வகையைக் குளிர்காலத்தில் குடிப்பது பழைய வழக்கம். நம் காலத்தில் இதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை முக்கியமானது. 1975-லிருந்து வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் பீர், ஒவ்வொரு வருடமும் செய்முறையை மாற்றி, லேபிளில் வேறு ஒரு மரத்தின் படம் போட்டு வெளியிட்டார்கள். என்ன மசாலா சேர்த்தோம் என்பதை வெளியே சொன்னதே கிடையாது. 2023-இல் அந்த ஆலை மூடப்பட்டது. கிளீவ்லாந்தின் கிரேட் லேக்ஸ் ஆலை ஒளிவுமறைவு இல்லாமல் தேன், இஞ்சி, பட்டை என்று சொல்லியே விற்கிறது. அதில் ஆல்கஹால் 7.5 சதவீதம். பெல்ஜியத்தின் கிறிஸ்துமஸ் பீர்களில் பல 10 சதவீதத்தைத் தொடும்.

முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்: அதிகக் குளிர்ச்சி. இங்கே கடையில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீர் வெளிர் மஞ்சள் நிறத்தில், மெலிந்த உடம்போடு, சில்லென்று குடிப்பதற்காகவே செய்யப்படுவது. இந்தியாவில் அதற்கு 8 சதவீதம்தான் உச்ச வரம்பு. அதைக் குளிரக் குளிரக் குடிப்பதில் தப்பே இல்லை. மசாலா பீருக்கு அதே முறையைக் கொண்டுவந்தால்தான் சிக்கல். நான்கு டிகிரியில் வாசனைப் பொருட்கள் காற்றில் எழும்பாமல் பீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். நாக்குக்கும் இனிப்பு மட்டுப்பட்டுத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதே காரணத்தால்தான்: சர்க்கரை அதே அளவுதான், குளிர் போனதும் நாக்குக்கு முழுசாகத் தெரிகிறது. ஆக, ஐஸ் குளிர்ச்சியில் இந்தப் பீரைக் குடித்தால் கசப்பும் கேஸும்தான் மிஞ்சும். அதை வைத்து ‘இது ஒன்றும் பிரமாதமில்லையே’ என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

10-லிருந்து 13 டிகிரிதான் இதற்குச் சரியான பதம். குமுளியின் டிசம்பர் இரவில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் அரை மணி நேரம் வைத்தால் போதும். கீழே கம்பத்தில் என்றால் கால் மணி நேரத்திலேயே தயாராகிவிடும். மூணாறில் ராத்திரி பூஜ்யத்தைத் தொடுகிற நாட்களில் வராந்தாவில் விட்டுவைத்த பாட்டில் ஃபிரிட்ஜில் வைத்ததைவிடவும் குளிர்ந்திருக்கும், அதை உள்ளே எடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டும். ஊற்றிய பிறகும் அவசரப்படக் கூடாது. ஊற்றியதும் ஒரு வாய், பத்து நிமிஷம் கழித்து ஒரு வாய், இன்னும் பத்து நிமிஷம் கழித்து ஒரு வாய். ஒரே கிளாஸ்தான், மூன்று வாயும் மூன்று விதமாக இருக்கும். முதல் வாயில் பட்டை மட்டும் முன்னே நின்றிருக்கும். மூன்றாவதில் அதற்குப் பின்னாலிருந்து கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் வெளியே வரும். முதல் வாயிலேயே முடிவுகட்டுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது அடுத்த தவறு. மூக்குக்கு அதில் வேலையே இல்லை. விளிம்பு வரை நிரப்பிய டம்ளரும் அப்படித்தான், வாசனை தங்க இடம் வேண்டும். அடி அகன்று வாய் குறுகிய பிராந்தி கிளாஸோ வைன் கிளாஸோ இருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். கழுவின சோப்பு வாசனை இருக்கிறதா என்று முதலில் வெறும் கிளாஸை மோந்து பாருங்கள். சோப்புப் படலம் இருந்தால் நுரையும் நிற்காது.

மூக்கு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம் பக்கத்துக்கென்றே தனியாக ஒரு தவறு இருக்கிறது. டிசம்பரில் ஏலக்காய் பறிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டோர் என்று நாம் சொல்கிற உலர்த்தும் கூடத்தில் காய் உலர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க ஸ்டோரில் நின்றவருக்கு ஏலக்காய் வாசனையே தெரியாது. மூக்கு அதற்குப் பழகி மரத்துப் போயிருக்கும். அதே சட்டையோடு வந்து உட்கார்ந்து, ‘இதில் ஏலக்காயே இல்லை’ என்பார்கள். குளித்து, சட்டை மாற்றி, கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்தால் மூக்கு தெளிந்துவிடும். ஊதுபத்தி எரிகிற அறை, பீடி, பாக்கு போட்ட வாய், இவையும் வேண்டாம். மோந்து பார்க்கும்போது ஒரேயடியாக நீளமாக இழுப்பதும் சரியில்லை. சின்னச் சின்னதாக ரெண்டு மூன்று தடவை மோந்துவிட்டு, கிளாஸைத் தள்ளி வைத்து, சற்று பொறுத்து மறுபடி மோந்து பாருங்கள்.

மசாலாவை ஒவ்வொன்றாகப் பிரித்து அறிய, பீரைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சமையலறை அஞ்சறைப் பெட்டியை எடுத்துப் பார்ப்பது நல்லது. போடி ஏலச் சந்தைக்குப் போகிற காயின் நிறத்தையும் பருமனையும் லிட்டர் வெயிட்டையும் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) பார்க்கிற அதே கவனம்தான். ஒரு காயைப் பிளந்து, கறுத்துப் பிசுபிசுக்கிற விதைகளை நகத்தால் நசுக்குங்கள். முதலில் மூக்கைக் குளிரவைக்கிற வாசம் வரும். அது சினியோல், யூகலிப்டஸ் தைலத்தில் இருப்பதும் அதுவே. அதற்குப் பின்னால் பூவாசமாக ஓர் இனிப்பு வரும், அது டெர்பினைல் அசிடேட். பீரில் ஏலக்காய் அளவோடு இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அளவு மீறினால் தைலம் மட்டும்தான் தூக்கலாக நிற்கும். எனக்கு இந்த இடத்தில்தான் பல பீர்கள் தோற்றுப்போகின்றன.

பட்டையிலும் இரண்டு உண்டு. நம் கடைகளில் பட்டை என்று விற்கிற தடித்த, காரமான பட்டை பெரும்பாலும் காசியா. சுருள் சுருளாக மெலிந்து வரும் இலங்கைப் பட்டை மென்மையானது. பீரிலும் அந்த வித்தியாசம் தெரியும். கிராம்பில் இருக்கிற யூஜினால் நாக்கை மரக்கவைக்கும்; பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பது அதனால்தான். குடித்தபின் நாக்கின் ஓரம் மரத்த மாதிரி இருந்தால் கிராம்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சுக்கின் எரிச்சலையும் ஆல்கஹாலின் சூட்டையும் ஒன்றாக நினைப்பது அடிக்கடி நடப்பது. ஆல்கஹால் சூடு விழுங்கியதும் நெஞ்சுக்குள் பரவிச் சீக்கிரம் அடங்கும். சுக்கு தாமதமாக வந்து தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். இஞ்சி உலரும்போது ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகாலாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் கூடுதல். ஜாதிக்காயைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். பிரியாணி தம் உடைத்ததும் வருகிற வாசத்தில் ஒரு மரவாடை இருக்குமே, அதைத் தேடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். வருகிற வாசனையெல்லாம் போட்ட மசாலாவிலிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பவேரியாவில் 1516-இல் வந்த சட்டம் பார்லி, ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கிற ஒரு கொடியின் பூ), தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்க விடவில்லை. கோதுமைக்குப் பிற்பாடு விலக்கு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கோதுமை பீரில் கிராம்பு வாசம் தெளிவாக வரும். ஒரு கிராம்புகூட உள்ளே விழுந்திருக்காது. புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குகிற 4-வினைல் குவையக்கால் என்ற பொருளின் வேலை அது. பெல்ஜியத்து ஈஸ்டுகளும் இப்படி மிளகு, கிராம்பு வாசம் கொடுக்கும். திராட்சை, கருப்பட்டி, கருகிய சர்க்கரை இவையெல்லாம் பெரும்பாலும் வறுத்த மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து வருபவை. ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் வருடத்தில் ஒரே நாள், புனித நிக்கலாஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று காய்ச்சி, மாதக்கணக்கில் முதிரவைத்து விற்கப்படுவது. 14 சதவீதம். குளிர்கால பீர்களில் பெரிய பெயர், ஆனால் மசாலா கிடையாது. அதனால் லேபிளை முதலில் படித்துவிட்டு அதில் உள்ளதை மூக்கில் தேடாதீர்கள். மோந்து, குடித்து, தோன்றியதைச் சொல்லிவிட்டு அப்புறம் லேபிளைத் திருப்புங்கள்.

அடுத்தது, கூடச் சாப்பிடுவது. எலுமிச்சை ஊறுகாய், காரம் தூக்கலான பீஃப் வறுவல், மிளகாய்த்தூள் தூவிய கடலை எல்லாமே இந்தப் பீருக்கு எதிரிகள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும், கேஸும் சேர்ந்து குத்தும். அந்த நிலையில் பட்டையும் கிராம்பும் எங்கே தெரியப்போகிறது? பிளம் கேக்கும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு முதல் கேக்கைச் சுட்டார் என்று சொல்லப்படும் காலத்திலிருந்து கேரளத்துக் கிறிஸ்துமஸ் கேக் இல்லாமல் நடப்பதில்லை. பீரிலும் அதே மசாலா, அதே உலர்பழ வாசம் என்பதால் ஜோடி சேரும் என்று தோன்றும். ஆனால் கேக்கின் இனிப்பு வாயில் இருக்கும்போது பீர் தண்ணீராகவும் கசப்பாகவும் படும். முதலில் பீரைத் தனியாகச் சுவைத்துவிடுங்கள், கேக் கடைசியில் வரட்டும். சேர்ந்து வைப்பதற்கு என் தேர்வு ஆப்பமும் இஷ்டுவும்தான். தேங்காய்ப்பால் காரத்தை அடக்கி வைக்கிறது. இஷ்டுவில் இருக்கிற பட்டை, கிராம்பு, ஏலக்காய் பீரில் இருப்பவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கின்றன. வாத்து வறுவலும் நன்றாகப் போகும், மிளகாயைக் குறைத்து மிளகில் செய்தால்.

வீட்டில் மசாலாவுக்குப் பஞ்சமில்லை என்பதால் கடை ஸ்ட்ராங் பீரில் ஏலப்பொடியைத் தட்டிப்போட்டு ‘கிறிஸ்துமஸ் பீர்’ தயாரிக்கிற பழக்கமும் உண்டு. வேண்டாம். பொடி விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு துகளையும் பிடித்துக்கொண்டு கேஸ் மேலே கிளம்பும், பாதி நுரையாகப் பொங்கி மேஜையில் வழியும், மிச்சம் சவசவ என்று ஆகிவிடும். பொடியும் கரையாமல் பல்லில் அரைபடும். அந்த மெல்லிய பீரில் மசாலாவைத் தாங்கக்கூடிய மால்ட் உடம்பும் கிடையாது.

அளவு விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீத பீர் 330 மில்லி என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 33 மில்லி. 5 சதவீத சாதாரண பீர் 650 மில்லி பெரிய பாட்டிலில் இருப்பது 32.5 மில்லி. அதாவது குட்டி பாட்டில் ஒன்று, பெரிய பாட்டில் ஒன்றுக்குச் சமம். 60 மில்லி விஸ்கியைவிடவும் இது அதிகம். இனிப்பும் மசாலாவும் இதை மறைத்துவிடுவதால் இரண்டாவது பாட்டிலும் சுலபமாக உள்ளே போய்விடும். பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வது ருசிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. ‘குளிருக்கு இதமா இருக்கும்’ என்று குடித்துவிட்டு மூணாறு பனியில் போய் நிற்பதும் ஆபத்து. ஆல்கஹால் தோலுக்குக் கீழே இருக்கிற ரத்தக்குழாய்களை விரித்துவிடும். சூடாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குகிற கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் ஒரு வாய்கூட வேண்டாம். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். வயது வரம்பு கேரளத்தில் 23, தமிழ்நாட்டில் 21 என்பதும், பாட்டிலோடு செக்போஸ்ட் தாண்டுவதற்கு இரு மாநிலத்துக்கும் தனித்தனி விதி என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது. ஷோகேஸில் வெயில் படுகிற மாதிரி அழகுக்கு வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் சிதைந்து ஒரு நாற்றம் வரும், பச்சை பாட்டிலில் இன்னும் சீக்கிரம். இருட்டான, சூடில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம். அதைக் குடித்தால் கெடுதல் இல்லை, ருசிதான் கலங்கிவிடும். கெட்டியான பீர் வருடக்கணக்கில் முதிரும் என்று கேள்விப்பட்டு மசாலா பீரையும் எடுத்து வைக்கிறார்கள். ஆல்கஹாலும் மால்ட்டும் தாங்கும், மசாலா வாசம் தாங்காது. முதலில் போவது அதுதான். இந்த டிசம்பரில் வந்த பாட்டிலை ஈஸ்டருக்கு முன்னால் திறந்துவிடுங்கள்.