வாடகை வீட்டை ஆண்டுக் கடைசியில் விற்றால், ஃபார்ம் 4868 போட்டுவிடுங்கள்

அமெரிக்காவில் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை அக்டோபர் பாதிக்குப் பிறகு விற்று, 1031 பரிமாற்றத்தில் (விற்ற லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் வேறு சொத்து வாங்கும் முறை) வேறு சொத்து வாங்கப் போகிறீர்களா? ஏப்ரல் 15-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல், ஃபார்ம் 4868 மூலம் அவகாசம் கேளுங்கள். கட்டணம் கிடையாது, காரணமும் சொல்ல வேண்டாம்.

புதிய சொத்தை வாங்கி முடிக்க 180 நாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சட்டத்தில் இருப்பதோ, 180 நாள் அல்லது அந்த ஆண்டின் வரிக் கணக்குக் கெடு, இவற்றில் எது முந்தியதோ அது. நவம்பர் 20-ல் விற்றவருக்கு மே 19 வரை நேரம் இருக்க வேண்டும். அவகாசம் வாங்காவிட்டால் ஏப்ரல் 15-லேயே கதவு மூடிவிடும். 34 நாள் போய்விடும். வங்கிக் கடன் இழுத்தடிக்கும்போது அந்த 34 நாளின் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை: இது தாக்கலுக்கான அவகாசம் மட்டுமே. கட்ட வேண்டிய மற்ற வரியை ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும். மாற்றுச் சொத்தை எழுத்தில் குறிப்பிட்டுத் தரும் 45 நாள் கெடுவும் இதனால் ஒரு நாள்கூட நீளாது.

குடியிருக்கும் வீட்டுக்கு 1031 பொருந்தாது. விற்ற பணம், புதிய சொத்து வாங்கும்வரை அதை வைத்திருக்கும் தகுதி பெற்ற இடைத்தரகரிடம் (qualified intermediary) போகாமல் உங்கள் கணக்குக்கு வந்திருந்தாலும் பயனில்லை. டெக்சாஸ் வீட்டை விற்றுச் சென்னையில் மனை வாங்கும் திட்டமும் செல்லாது. அமெரிக்கச் சொத்துக்கு ஈடு அமெரிக்கச் சொத்துதான்.