மைல்ஸைப் பூட்டி வைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தில் பறந்தால் அந்த நிறுவனத்தில் நமக்கு இருக்கும் கணக்கில் மைல்ஸ் என்ற பரிசுப் புள்ளிகள் சேரும், அவற்றைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். இந்த மைல்ஸைப் பலரும் வங்கியில் போட்ட பணம் மாதிரி நினைக்கிறார்கள். வங்கிப் பணத்துக்கு வட்டியாவது உண்டு. மைலுக்கு அதுவும் கிடையாது. எத்தனை மைலுக்கு என்ன டிக்கெட் என்பதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சேரும்போது நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளிலேயே அது இருக்கிறது.

ஆகவே, வருடக்கணக்கில் சேர்த்து வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நான் நாலு வருடம் அதைத்தான் செய்தேன். அப்பா அம்மாவை ஒரு முறையாவது பிசினஸ் கிளாஸில் அனுப்பிவைக்க வேண்டும் என்று ஆசை. ஒருவருக்கு 62,000 மைல், இரண்டு பேருக்கு 1,24,000 என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கழித்துக்கொண்டே வந்தேன். இன்னும் 3,000தான் பாக்கி. அன்றைக்கு ஆப்பைத் திறந்தால், அதே வழித்தடத்துக்கு ஒருவருக்கு 88,000 என்று இருந்தது. என் கணக்கில் ஒரு மைல்கூடக் குறையவில்லை. ஆனால் வாங்க நினைத்தது கைக்கெட்டாமல் போய்விட்டது. அப்பா “விடுப்பா” என்றார். எனக்கு ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரத்துக்குத்தான் மைல். இன்று விமானமே ஏறாதவரும் கிரெடிட் கார்டு தேய்த்துச் சேர்க்கலாம். நிறுவனங்கள் வங்கிகளுக்கு மைல்ஸை மொத்தமாக விற்கின்றன. 2020இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் மைலேஜ்பிளஸ் என்ற தன் மைல்ஸ் திட்டத்தையே அடமானம் வைத்துப் பல நூறு கோடி டாலர் திரட்டியது என்றால், அதில் எவ்வளவு வருமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைல்ஸ் பெருகுகிற வேகத்தில் இருக்கைகள் பெருகுவதில்லை. இன்னொன்று, இந்த ஊருக்கு இத்தனை மைல் என்ற நிலையான அட்டவணையை டெல்டா ஏர்லைன்ஸ் 2015இலும் யுனைடெட் 2019இலும் எடுத்துவிட்டன. டிக்கெட் விலை ஏறும் நாளில் கேட்கும் மைலும் ஏறுகிறது.

அடுத்த தவறு, கணக்குப் போடாமல் செலவழிப்பது. ஒரு டிக்கெட் 400 டாலர் என்று வையுங்கள். அதையே 25,000 மைலும் வரி, கட்டணமாக 100 டாலரும் கொடுத்து வாங்கலாம். மிச்சமாவது 300 டாலர்தான். அதை 25,000ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.2 சென்ட். வரியைக் கழிக்க மறந்தால் 1.6 என்று தப்பாகத் தெரியும். எரிபொருள் கட்டணம் அதிகம் போடும் நிறுவனங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அதேபோல, 5,000 டாலர் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை வைத்து மைலின் மதிப்பைப் பார்த்து மகிழாதீர்கள். கையிலிருந்து அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அந்த மதிப்பு காகிதத்தில்தான்.

கார்டு பாயின்ட்களை முன்கூட்டியே மைல்ஸாக மாற்றி வைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் மாற்றினால் மாற்றியதுதான், திரும்ப வராது. முதலில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

காலாவதி விதியும் இடத்துக்கு இடம் வேறு. டெல்டா, யுனைடெட் மைல்ஸுக்குக் காலக்கெடு இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் பொதுவாக மூன்று வருடம். நிறுவனமே நொடித்துப்போவதும் உண்டு. 2017இல் ஏர் பெர்லின் விழுந்தபோது அதன் மைல்ஸ் திட்டமும் சேர்ந்தே விழுந்தது.

இப்போது ஒரு வருடத்துக்குள் போகும் பயணம் எது என்று முதலில் முடிவு செய்கிறேன், அதற்கு வேண்டிய அளவு சேர்ந்ததும் டிக்கெட் போட்டுவிடுகிறேன். பல திட்டங்களில் பயணத்துக்கு முன்பே ரத்து செய்தால், கட்டணம் இல்லாமலோ சிறு கட்டணத்துக்கோ மைல்ஸ் திரும்பக் கிடைக்கும். அந்த விதியை மட்டும் முன்பே படித்துக்கொள்கிறேன். நாலு வருடம் சேர்த்த அந்த மைல்ஸில் அப்பாவும் அம்மாவும் எகானமியில்தான் போய் வந்தார்கள். ஜன்னல் ஓர இருக்கைக்கு இருவருக்கும் போட்டி.