ஆஸ்திரேலிய அரசு வேலை: தேர்வு அளவுகோல்களுக்குப் பதில் எழுதும் முறை

போட்டித் தேர்வெழுதி அரசு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஆஸ்திரேலிய அரசுப் பணியின் நுழைவாயில் முதலில் பிடிபடுவதில்லை. இங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதும் பொதுத் தேர்வு வழக்கத்தில் இல்லை. பணியிடத்துக்குப் பணியிடம் தனி விளம்பரம் வரும், அந்த வேலையைச் செய்ய என்னென்ன திறமையும் அறிவும் வேண்டும் என்று அதில் ஐந்தாறு வரிகள் இருக்கும். இவற்றைத்தான் செலக்‌ஷன் கிரைட்டீரியா, அதாவது தேர்வு அளவுகோல்கள் என்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பொருந்துவதை எழுத்தில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். தேர்வு என்பது முதற்கட்டத்தில் அவ்வளவுதான்.

காமன்வெல்த் அரசுப் பணியாளரை, அதாவது ஆஸ்திரேலிய மத்திய அரசின் பணியாளரை, தகுதியின் அடிப்படையில் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் அரசுப் பணிச் சட்டத்தில் உள்ள விதி. ஆகவே தேர்வுக் குழு தன் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காரணத்தை உங்கள் பதிலில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும் அதைத் தாளில் காட்டாவிட்டால், காட்டிய புதியவருக்குத்தான் நேர்காணல் அழைப்புப் போகும்.

முதல் படி: விளம்பரத்தை இருமுறை படியுங்கள்

முதல் வாசிப்பு, விண்ணப்பிக்கத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கு. காமன்வெல்த் பணிகளுக்குப் பொதுவாக ஆஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும். மாநில அரசுகளின் விதிகள் வேறு என்பதால், நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்கள் அங்கேயும் பார்க்கலாம்.

இரண்டாம் வாசிப்பில் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டெமான்ஸ்ட்ரேட்டட்’ என்ற சொல் வரும் இடத்தில் நீங்கள் ஏற்கெனவே செய்த ஒன்றைச் சான்றாகக் காட்டியாக வேண்டும். ‘எபிலிட்டி டு’ என்று இருந்தால், அதே வேலையைச் செய்திராவிட்டாலும் வேறொரு துறையில் காட்டிய இணையான திறமையை முன்வைக்கலாம். ‘எசென்ஷியல்’ என்பவை கட்டாயம். ‘டிசையரபிள்’ என்பவை இருந்தால் நல்லது, ஆனால் அவை இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. ஒரே வரிக்குள் இரண்டு மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதும் உண்டு: எழுத்திலும் பேச்சிலும் தொடர்புகொள்ளும் திறமை என்று கேட்டிருக்கும்போது பேச்சைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கேள்வி பதிலில்லாமல் நிற்கும்.

பணி நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் பணியில் ஏபிஎஸ் (ஆஸ்திரேலிய அரசுப் பணி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 1 முதல் 6 வரையும், அதற்கு மேல் எக்ஸிகியூட்டிவ் லெவல் 1, 2 என்றும் நிலைகள் உள்ளன. ஒரே அளவுகோல் ஏபிஎஸ் 3இலும் 6இலும் வரலாம். ஆனால் முன்னதில் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ததைக் காட்டினால் போதும், பின்னதில் சிக்கலான ஒன்றை நீங்களே ஆராய்ந்து தீர்த்ததைக் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டு நன்றாக இருந்தும் நிலைக்குப் பொருந்தாமல் தோற்கும் விண்ணப்பங்கள் நிறைய.

இரண்டாம் படி: தொலைபேசியில் பேசுங்கள்

விளம்பரத்தின் கீழே தொடர்பு அலுவலர் ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்கும். அழைத்தால் சிபாரிசு தேடுவதாக நினைப்பார்களோ என்று நம்மில் பலர் தயங்குகிறோம். கேள்வி கேட்பதற்கென்றே அந்த எண் அங்கே இருக்கிறது. இந்தப் பணியில் சேர்பவர் முதல் மூன்று மாதங்களில் என்ன செய்வார், இந்தக் குழுவுக்கு இப்போது எது பெரிய வேலை என்று கேளுங்கள். கிடைக்கும் பதில், எந்த அளவுகோலுக்கு உங்களுடைய மிகச் சிறந்த எடுத்துக்காட்டைச் செலவிட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். அவரை சார், மேடம் என்று அழைக்க வேண்டாம். முதற்பெயரைச் சொல்லிப் பேசுவதுதான் இந்நாட்டு வழக்கம்.

மூன்றாம் படி: எழுதுவதற்கு முன் நினைவுகளைத் திரட்டுங்கள்

ஒரு தாளில் அளவுகோல்களை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் நேரடியாகக் கையாண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். கடந்த ஐந்தாண்டுகளுக்குள் நடந்தது சிறந்தது. ஊரில் பார்த்த வேலையும் கணக்கில் சேரும். உள்ளூர் அனுபவம் இல்லையே என்று அதை ஒளித்துவைக்கத் தேவையில்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த உலகம் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. தாசில்தார் அலுவலகம், பிரதேச செயலகம் போன்றவை என்ன செய்கின்றன என்பதற்கு அரை வரி விளக்கம் வேண்டும். லட்சத்தையும் கோடியையும் மில்லியனாக மாற்றி எழுத வேண்டும். கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளியில் தன்னார்வப் பணி ஆகியவையும் நல்ல சான்றுகளே, அவற்றில் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்தது ஏதேனும் இருக்குமானால்.

நான்காம் படி: ஸ்டார் முறையில் எழுதுங்கள்

சூழல், கடமை, செயல், விளைவு ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஸ்டார். நான்கு என்பதால் நான்குக்கும் சம இடம் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சூழலும் கடமையும் சேர்ந்து கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. பாதிக்கு மேல் செயலுக்குப் போக வேண்டும், ஏனெனில் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

கற்பனையான ஒரு விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் ஆறாண்டுகள் முகப்பு வேலை பார்த்துவிட்டு மெல்பர்னுக்கு வந்த பெண், மக்களை நேரில் சந்திக்கும் ஏபிஎஸ் 4 பணிக்கு விண்ணப்பிக்கிறார். அளவுகோல், பல்வேறு பின்னணி கொண்ட மக்களுடன் தெளிவாகத் தொடர்புகொள்ளும் திறமையை நிரூபிக்கக் கேட்கிறது. அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“எனக்கு மிகச் சிறந்த தொடர்புத் திறமை உண்டு. எங்கள் கிளையில் நாங்கள் எல்லா வாடிக்கையாளர்களிடமும் கனிவாகப் பேசி, உயர்தரமான சேவை வழங்கினோம்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் குழு குறித்துக்கொள்வதற்கு ஒன்றுமே இல்லை. இதே வரிகளை யாரும் எழுதலாம். அவரிடம் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டால் வருவது வேறு கதை:

“ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் வங்கிக்கு வந்து, தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை அளிக்க வேண்டும். முதியவர்கள் பலர் தேவையான ஆவணம் இல்லாமல் வந்து, வரிசையில் நின்று, வெறுங்கையுடன் திரும்புவதைக் கவனித்தேன். முகப்பு அலுவலர் என்ற முறையில் இதைக் குறைப்பது என் பொறுப்பு. ஒரு வாரம் திரும்பிப் போனவர்களிடம் காரணத்தைக் கேட்டுக் குறித்தேன். பெரும்பாலோர் எங்கள் அறிவிப்பில் இருந்த அலுவலகச் சொற்கள் புரியவில்லை என்றார்கள். அந்த அறிவிப்பை எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் மாற்றி எழுதினேன். அதை இரண்டு வாடிக்கையாளர்களிடம் படிக்கக் கொடுத்து, புரியாத இடங்களைத் திருத்தினேன். படிக்க இயலாதவர்களுக்காக, அக்டோபர் மாதத்திலேயே தொலைபேசியில் அழைத்து என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று விளக்கினேன். முந்தைய ஆண்டு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாற்பது பேர் திரும்பிப் போனார்கள். அந்த ஆண்டு அது பத்துக்கும் கீழே வந்தது. மேலாளர் அதே தாளை மறு ஆண்டும் பயன்படுத்தினார்.”

இரண்டாவது வரைவில் ‘சிறந்த’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் கேட்டது, மாற்றி எழுதியது, சோதித்துப் பார்த்தது, படிக்க இயலாதவர்களுக்கு வேறு வழி கண்டது என்று அடுத்தடுத்து வரும் செயல்களில் இருந்து குழுவே அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளும். எண் கிடைக்காத இடத்தில் மேலாளர் பின்னர் என்ன செய்தார், எந்த நடைமுறை நிலைத்தது என்பதை விளைவாகக் காட்டலாம். எண்ணை மட்டும் புனையாதீர்கள், நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள், உங்களுக்குச் சான்று கூறுபவரிடமும் கேட்பார்கள்.

‘நாங்கள்’ என்பது ‘நான்’ ஆனதையும் பாருங்கள். தற்பெருமை கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்த மாற்றம் உறுத்தும். குழுவாகச் செய்ததை நான் செய்தேன் என்று எழுதுவது திருட்டுப் போலத் தோன்றும். அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: நான்கு பேர் கொண்ட குழுவில் இருந்தேன் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அதில் உங்கள் கையால் நடந்ததை மட்டும் ‘நான்’ என்று எழுதுங்கள். மற்றவர் செய்ததைத் தொட வேண்டாம்.

ஐந்தாம் படி: கேட்ட வடிவத்துக்குள் அடக்குங்கள்

சில விளம்பரங்கள் ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனித்தனிப் பதில் கேட்கும்; வேறு சில, ‘பிட்ச்’ என்ற பெயரில் ஒரு பக்கத்திலோ குறிப்பிட்ட சொல் எண்ணிக்கைக்குள்ளோ எல்லாவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லும். பிட்ச்சில் அளவுகோல்கள் தலைப்பாக நிற்காவிட்டாலும் மதிப்பீடு அவற்றின்படியே நடக்கும் என்பதால், இரண்டு அல்லது மூன்று வலுவான நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் இரண்டு அளவுகோல்களையாவது தொடும்படி எழுதுவது நல்லது. வரம்பு சொற்களிலா எழுத்துகளிலா என்பதைப் பாருங்கள். எழுத்துகள் என்றால் இடைவெளியும் எண்ணப்படக்கூடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பதிலை எடுத்து ஒட்டுவது வீண், ஏனெனில் அதே பத்தியைக் குழு வேறு விண்ணப்பங்களிலும் பார்த்திருக்கும்.

முடித்தபின் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இவர் என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் செயல் பகுதியைத் திருத்த வேண்டும்.

ஆறாம் படி: அனுப்பும்போதும் அனுப்பிய பின்னும்

இறுதி நேரம் எந்த ஊர்க் கணக்கில் என்பதைக் கவனியுங்கள். கான்பெராவில் இரவு பதினொன்று ஆகும்போது பெர்த்தில் ஒன்பதுதான், கோடையில் எட்டு. பெர்த்தில் இருந்து விண்ணப்பிப்பவர் சுவர்க் கடிகாரத்தை நம்பினால் வாய்ப்பை இழப்பார்.

விளம்பரத்தையும் உங்கள் பதிலையும் கணினியில் சேமித்துவையுங்கள், ஏனெனில் இறுதி நாள் கடந்ததும் விளம்பரம் தளத்தில் இருந்து மறைந்துவிடலாம். நேர்காணல் கேள்விகளோ அதே அளவுகோல்களில் இருந்துதான் வரும். தேர்வாகவில்லை என்ற கடிதம் வந்தால், பதிலில் எது குறைந்தது என்று குழுவிடம் கேட்பது இங்கே இயல்பான செயல். தகுதியானவர் என்று மதிப்பிடப்பட்டும் இடம் கிடைக்காதவர்களின் பெயர்கள் ‘மெரிட் பூல்’ என்ற பட்டியலில் இருக்கும். காமன்வெல்த் பணிகளில், விளம்பரம் வெளியான நாளில் இருந்து 18 மாதங்கள் வரை அதே போன்ற வேறொரு பணியிடத்துக்கு அதிலிருந்து ஆள் எடுக்கலாம். எனவே விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி எண்ணை அதற்குள் மாற்றினால், அந்த அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.